‘நிறை’யும் ‘திணிவு’ம்: ஈர்ப்புக் கணக்கைச் சொல்லும் தமிழ் உரைநடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இரு பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பு விசையையும் அவ்விசையால் அவை பெறும் முடுக்கத்தையும் கணக்கிடுதல், பள்ளி இயற்பியலில் தவிர்க்க முடியாத ஒரு பாடம். இக்கணக்கைத் தமிழில் சொல்லும்போது தமிழ்நாடும் இலங்கையும் வெவ்வேறு கலைச்சொற்களைக் கையாள்கின்றன. அவற்றுள் ‘நிறை’ என்னும் ஒரே சொல் இரு நிலங்களிலும் இரு வேறு அளவுகளைக் குறிக்கிறது. இக்கட்டுரை நிறை, எடை, திணிவு, முடுக்கம், ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆகிய சொற்களை அகராதிப் பொருளில் நிறுத்தி மதிப்பிடாமல், ஒரு முழுக் கணக்கின் படிகளினூடே செலுத்தி மதிப்பிடுகிறது. கலைச்சொல்லுக்கு இணையாக வேற்றுமை உருபும் இக்கணக்கின் தெளிவைத் தீர்மானிக்கிறது என்பதும், இருகரைக்கும் பொதுவான நூல்களில் ‘நிறை’யைத் தவிர்ப்பது நலம் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம், ஈர்ப்பு விதி, நிறை, திணிவு, தடுமாறு தொழிற்பெயர், ஈழத்தமிழ்.

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய நம் திறனாய்வுகளில் பெரும்பாலானவை சொல்லின் பிறப்பை ஆராய்கின்றன. ஒரு கலைச்சொல் தூய தமிழா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்னும் வினா முதலில் எழுகிறது. அச்சொல் ஒரு தொடரில் அமர்ந்து, அத்தொடர் ஒரு கணக்கில் அமர்ந்து, அக்கணக்கை ஒரு மாணவர் செய்து முடிக்கும் வரை அச்சொல்லுக்கு என்ன நேர்கிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. சொல்லாக்கம் ஒரு தொடக்கம் மட்டுமே. சொல்லாட்சியே அதன் தேர்வுக்களம்.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு தடுமாற்றம். கலைச்சொல் ஒப்பீட்டுக்காகத் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலையும் இலங்கையின் பௌதிகவியல் நூலையும் அருகருகே வைத்துப் படித்தபோது, ‘நிறை’ எனக் கண்ட இடமெல்லாம் பழக்கத்தின் வழியே ஒரே பொருளைக் கொண்டு படித்துச் சென்றேன். கணக்கின் விடை பொருந்தவில்லை. பிழை கணக்கில் இல்லை. படித்தவரிடமும் முழுமையாக இல்லை. ஒரே மொழியின் இரு அரசுக் கல்வி மரபுகள் ஒரே சொல்லை இரு பொருளில் நிலைநிறுத்தியிருந்தமையே காரணம். இன்று இணையத்தின் வழியே இருகரை மாணவரும் ஒருவர் நூலை ஒருவர் எளிதில் அடைகின்றனர். புலம்பெயர் நாடுகளில் தமிழ்வழி அறிவியலைத் தொட விரும்புவோர்க்குக் கிடைப்பது இரண்டும் கலந்த ஒரு குவியல். எனவே இத்தடுமாற்றத்தைத் தனியொருவரின் கவனக்குறைவு என ஒதுக்கிவிட இயலாது.

1. கணக்கும் அதன் படிகளும்

சொற்களை மதிப்பிடும் முன் கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வது முறை. 1687ஆம் ஆண்டு வெளியான ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் நிறுவிய விதியின்படி, இரு பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பு விசை அவ்விரண்டின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், அவற்றின் மையங்களுக்கிடையிலான தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இவ்விகிதத்தைச் சமன்பாடாக்கும் எண் ஈர்ப்பு மாறிலி. அதன் மதிப்பு, அனைத்துலக அலகுமுறையில் ஏறத்தாழ 6.674 × 10⁻¹¹. (இப்பகுதியில் ‘நிறை’ என்பது தமிழ்நாட்டு வழக்கின்படி ஆளப்படுகிறது.)

புவியையும் நிலவையும் சான்றாகக் கொள்வோம். புவியின் நிறை 5.972 × 10²⁴ கிலோகிராம். நிலவின் நிறை 7.35 × 10²² கிலோகிராம். இடைத்தொலைவு சராசரியாக 3.844 × 10⁸ மீட்டர். மாறிலியையும் இரு நிறைகளையும் பெருக்கித் தொலைவின் இருமடியால் வகுத்தால் விசை ஏறத்தாழ 1.98 × 10²⁰ நியூட்டன் எனக் கிடைக்கும்.

இதுவரை முதற்படி. இரண்டாம் படியில் முடுக்கம் கணக்கிடப்படுகிறது. ஒரு பொருளின் மீது செயல்படும் விசையை அப்பொருளின் நிறையால் வகுத்தால் அதன் முடுக்கம் கிடைக்கும். நிலவின் நிறையால் வகுத்தால் நிலவின் முடுக்கம் 2.70 × 10⁻³ மீட்டர்/விநாடி². அதே விசையைப் புவியின் நிறையால் வகுத்தால் புவியின் முடுக்கம் 3.32 × 10⁻⁵ மீட்டர்/விநாடி². விசை ஒன்றே, முடுக்கங்கள் இரண்டு. அவை ஏறத்தாழ 81 மடங்கு வேறுபடுகின்றன, ஏனெனில் நிறைகள் அம்மடங்கு வேறுபடுகின்றன.

இக்கணக்கு ஒரு கற்பனைப் பயிற்சி அன்று என்பதை நியூட்டனின் சோதனையே காட்டும். நிலவு புவியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 புவி ஆரங்கள் தொலைவில் உள்ளது. நிலமட்டத்தில் விழும் பொருளின் முடுக்கமான 9.8ஐ 60இன் இருமடியான 3600ஆல் வகுத்தால் 2.72 × 10⁻³ வரும். நிலவின் சுற்றியக்கத்திலிருந்து தனியே பெறப்படும் முடுக்கமும் இதற்கு மிக அருகில் அமைகிறது. மரத்திலிருந்து விழும் காய்க்கும் வானில் சுற்றும் நிலவுக்கும் ஒரே விதி என்பது இவ்வொப்பீட்டில் உறுதிப்பட்டது.

இரண்டாம் படியில் ஒரு நுட்பம் உண்டு. நிலவின் முடுக்கத்தைக் காண நிலவின் நிறையால் வகுக்கும்போது, விசைக்குள் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருந்த நிலவின் நிறை நீங்கிவிடுகிறது. எஞ்சுவது மாறிலி, புவியின் நிறை, தொலைவு ஆகியவை. அதாவது, ஒரு பொருள் பெறும் ஈர்ப்பு முடுக்கம் அதன் சொந்த நிறையைச் சார்வதில்லை. எதிரிலுள்ள பொருளின் நிறையைச் சார்கிறது. பெரிய கல்லும் சிறிய கல்லும் காற்றுத்தடையின்றி ஒன்றாக விழுவதன் விளக்கம் இந்த ஒரு நீக்கத்திலேயே அடங்கியுள்ளது. இந்த நுட்பத்தைத் தமிழ்த் தொடர் எங்கே தாங்குகிறது, எங்கே நழுவவிடுகிறது என்பதே இனி ஆராயப்படுகிறது.

2. ஒரு சொல், இரு அளவுகள்

தமிழ்நாட்டுப் பாடநூல் மரபில் நிறை என்பது பொருளின் உள்ளார்ந்த அளவு, கிலோகிராமில் சொல்லப்படுவது. எடை என்பது அப்பொருளின் மீதான ஈர்ப்பு விசை, நியூட்டனில் சொல்லப்படுவது. இலங்கை மரபில் முதலாவது திணிவு, இரண்டாவது நிறை. ஆகவே தமிழ்நாட்டு நூல், “60 கிலோகிராம் நிறையுடையவரின் எடை 588 நியூட்டன்” என எழுதும் இடத்தில், இலங்கை நூல், “60 கிலோகிராம் திணிவுடையவரின் நிறை 588 நியூட்டன்” என எழுதும். இரண்டும் தம்மளவில் பிழையற்றவை. ஒன்றின் ‘நிறை’யை மற்றதன் கணக்கில் வைத்தால்தான் இடர் எழுகிறது.

இவ்விடரின் அளவு ஈர்ப்புக் கணக்கில் பெருகுகிறது. தலா 60 கிலோகிராம் கொண்ட இரு கோளங்கள், மையத்துக்கு மையம் 1 மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். சரியான விசை 2.4 × 10⁻⁷ நியூட்டன். ‘நிறை’ எனக் கண்டு 588ஐ இருமுறை பெருக்கினால் விடை 2.3 × 10⁻⁵ நியூட்டன் ஆகிறது. விதியில் நிறை இருமுறை வருவதால் 9.8 மடங்குப் பிழை இருமடியாகி 96 மடங்காக வளர்ந்துவிடுகிறது. அலகு எழுதப்பட்டிருந்தால் கவனமுள்ளவர் தப்புவார். அலகு விடுபட்ட இடத்தில் சொல் மட்டுமே வழிகாட்டி; அச்சொல்லோ இரு திசையைக் காட்டுகிறது.

இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் ஈழத்தைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் முன்னின்று பங்காற்றினார். அன்று இரு நிலத்து அறிஞரும் ஒரே அவையில் அமர இயன்றது. பின்னர் விடுதலை பெற்ற இரு நாடுகளும் தத்தம் கல்வித்துறைகளின் வழியே சொற்களை வகுத்தன. இலங்கையில் அரசகருமமொழித் திணைக்களம் 1950களில் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் பாடநூல் மரபும் 1954 முதல் 1968 வரை வெளிவந்த ‘கலைக்களஞ்சியம்’ போன்ற பெருநூல்களும் வேறொரு வழக்கை ஊன்றின. பௌதிகவியலும் இயற்பியலும் இரு பெயர் பெற்றதில் தீங்கில்லை. அவை வெவ்வேறு சொற்கள் ஆதலால் குழப்பம் தாரா. வேகம் என்னும் சொல்லும் நிறையைப் போன்றே இடர் தருவது. தமிழ்நாட்டில் வேகம் திசை கருதாத அளவு. திசை கருதியது திசைவேகம். இலங்கையில் திசை கருதாதது கதி. திசை கருதியதே வேகம்.

3. சொற்களின் வேரும் தகுதியும்

எந்த மரபு சரி என்னும் வினாவுக்கு வேர்ச்சொல் ஆய்வு ஒரு தீர்ப்பு வழங்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் வேர்கள் இரு தரப்புக்கும் சான்று கூறுகின்றன.

‘நிறை’ அளவைப் பெயராகத் தொன்மையானது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் தனித்தனியே எடுத்துப் புணர்ச்சி கூறுகிறது. முகந்து அளப்பது அளவு. நிறுத்து அளப்பது நிறை. நிறுத்தலால் அறியப்படுவது என்னும் இப்பொருளை நோக்கினால், அன்றாட வழக்கில் ‘கனம்’ எனப்படுவதற்கு நிறையை வழங்கிய இலங்கை மரபு பழமையோடு இசைவது போலத் தோன்றும்.

எனினும் நிறைகோலின் செயலை எண்ணிப் பார்த்தால் தோற்றம் மாறுகிறது. இரு தட்டுடைய துலாக்கோல் விசையை அளந்து எண்ணாகத் தருவதில்லை. ஒரு தட்டிலுள்ள பொருளை மறு தட்டிலுள்ள படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. அதே கோலையும் அதே படிக்கற்களையும் நிலவுக்குக் கொண்டுசென்றாலும், ஈர்ப்பு இரு தட்டிலும் ஒரே அளவில் குறைவதால், அரிசியின் அளவு மாறாது. ஆகவே நிறைகோல் காட்டுவது இடத்துக்கு இடம் மாறாத அளவை. தமிழ்நாட்டு வழக்கின் ‘நிறை’யை. சுருள்வில் தராசோ பொருளைத் தாங்க வேண்டிய விசையைக் காட்டுகிறது. அது நிலவில் ஆறிலொரு பங்காகக் குறையும். ‘எடை’ என்பது எடுத்தல் என்னும் வினையோடு தொடர்புடையது. ஒன்றை எடுக்கத் தேவைப்படும் விசை என்னும் கருத்து அதில் இயல்பாகப் பொருந்துகிறது. இவ்வகையில் நிறுத்து ஒப்பிடுவது நிறை, எடுக்கத் தேவைப்படுவது எடை என்னும் தமிழ்நாட்டு இணை, சொல்லாக்கியோர் எண்ணினரோ இலரோ, ஆழ்ந்த பொருத்தம் உடையது.

‘திணிவு’ மீது பொதுவாக வைக்கப்படும் குறை, அது செறிவைக் குறிப்பது போல் ஒலிக்கிறது என்பது. ஒரு கிலோகிராம் பஞ்சுக்கும் ஒரு கிலோகிராம் இரும்புக்கும் திணிவு ஒன்றே எனக் கூறும்போது தமிழ்ச்செவி சற்றே தயங்கும். திணிந்தது இரும்பு அல்லவா? இக்குறை உண்மையே. ஆயினும் நியூட்டனின் நூலில் முதல் வரையறையே பொருளின் அளவை அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவதாகக் கூறுகிறது. அடர்த்தியை எவ்வாறு தனியே வரையறுப்பது என வினவி, எர்ன்ஸ்ட் மாக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வரையறையைச் சுழற்சி உடையதெனக் கண்டித்தார். ‘திணிவு’ என்னும் தமிழ்ச்சொல் நியூட்டனின் பார்வையையும் அதன் குறையையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது.

மூன்றாவதாக வழங்கும் ‘பொருண்மை’, தமிழாய்வாளர்க்கு வேறொரு திசையில் இடர் தருவது. சொற்பொருளை ஆராயும் துறைக்குப் பொருண்மையியல் எனப் பெயரிட்டுவிட்ட நிலையில், அதே சொல்லை இயற்பியலுக்கும் வழங்கினால் கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் இரு பதிவுகள் இட வேண்டியிருக்கும்.

முடுக்கம், ஆர்முடுகல் ஆகிய இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். முடுகு என்பது தன்வினை. முடுக்கு என்பது பிறவினை. விரைந்த சந்தநடையை முடுகு என்றும் முடுகியல் என்றும் யாப்பியலார் வழங்குவதை இங்கு நினைவுகூரலாம். தமிழ்நாடு பிறவினை அடியிலிருந்து முடுக்கத்தைப் பெற்றது; இலங்கை தன்வினை அடியிலிருந்து முடுகலைப் பெற்று, மிகுதலுக்கு ‘ஆர்’ சேர்த்து ஆர்முடுகல் என்றும், தணிதலுக்கு ‘அமர்’ சேர்த்து அமர்முடுகல் என்றும் இணை வகுத்தது. கணக்கின் மொழியில் கூறினால், விசை முடுக்குகிறது, பொருள் முடுகுகிறது. நாம் கணக்கிடுவது பொருளுக்கு நிகழும் மாற்றத்தை. அதனால் ‘முடுகல்’ நுட்பத்தில் ஒரு படி முன்னிற்கிறது. ‘முடுக்கம்’ எளிமையிலும் புணர்ச்சி வசதியிலும் முன்னிற்கிறது. இவை வடிவால் வேறுபட்டும் பொருளால் ஒன்றியும் இருப்பதால், இரண்டும் ஒருங்கே வாழ்வதில் இழப்பு இல்லை.

4. புவியீர்ப்பு என்னும் தொகையும் தடுமாறு தொழிற்பெயரும்

சொற்களைவிடத் தொடரமைப்பே பெரிய பிழைக்கு இடமளிக்கிறது. ‘புவியீர்ப்பு’ என்பதை விரித்தால் புவியினது ஈர்ப்பு என்றாகும். ஈர்ப்பு புவிக்கு மட்டும் உரிய ஓர் ஆற்றல் என்னும் எண்ணத்தை அது விதைக்கிறது. “புவி கல்லை ஈர்க்கிறது, கல் விழுகிறது” என்பதன் முதல் தொடரில் புவி எழுவாயாகிச் செயப்படுபொருளை ஆள்கிறது, கல் செயலற்றுக் கிடக்கிறது. விதி கூறுவதோ வேறு. 2 கிலோகிராம் கல்லைப் புவி ஏறத்தாழ 19.6 நியூட்டன் விசையால் ஈர்க்கும்போது, கல்லும் புவியை அதே 19.6 நியூட்டன் விசையால் ஈர்க்கிறது. புவியின் முடுக்கம் 3.3 × 10⁻²⁴ மீட்டர்/விநாடி² மட்டுமே ஆதலால் அது நம் புலனுக்கு எட்டுவதில்லை. சிறியது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. நிலவின் அளவுக்குப் பொருள் பெரிதானால் இவ்வியக்கம் அளவிடத் தக்கதாகிறது. புவியும் நிலவும் சுற்றும் பொது மையம், புவி மையத்திலிருந்து ஏறத்தாழ 4,670 கிலோமீட்டர் விலகி, புவியின் உடலுக்குள்ளேயே அமைந்துள்ளது.

இவ்விடத்தில் நம் இலக்கண மரபு எதிர்பாராத ஒரு துணையைத் தருகிறது. வினைமுதல் எது, செயப்படுபொருள் எது எனத் துணிய இயலாவாறு நிற்கும் தொழிற்பெயரைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தடுமாறு தொழிற்பெயர் என்கிறார். ‘புலி கொன்ற யானை’ என்பது உரையாசிரியர் காட்டும் வாய்பாடு. புலியைக் கொன்ற யானை என்றும், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் அது விரியும். இரண்டில் ஒன்றே உண்மை. சூழலே அதைத் தீர்மானிக்கும். இவ்வாய்பாட்டில் ‘புவி ஈர்த்த கல்’ எனத் தொடரை அமைத்துப் பார்க்கலாம். புவியை ஈர்த்த கல் என்பதும் உண்மை. புவியால் ஈர்க்கப்பட்ட கல் என்பதும் உண்மை. இலக்கணம் தடுமாற்றம் எனக் குறித்த அமைப்பே ஈர்ப்பு விதியின் இருதலைத் தன்மைக்கு மிக நெருங்கிய வடிவமாக அமைகிறது. பாடநூலாசிரியர் இதனை ஒரு பயிற்சியாகவே தரலாம்: ஒரு தொடரை இருவகையாக விரிக்கச் செய்து, இரண்டும் ஏன் உண்மை என வினவலாம். தமிழாசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சந்திக்கக்கூடிய அரிய இடம் இது.

‘ஒன்றையொன்று’ என்னும் பரிமாற்றப் பெயர் தமிழில் இயல்பாகவே உண்டு. “புவியும் கல்லும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன” என எழுதினால் இரண்டும் எழுவாயாகி, இரண்டும் செயப்படுபொருளாகின்றன. ‘புவியீர்ப்பு’ நிலமட்டத்து நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும் சுருக்கப்பெயராக நிற்கலாம். பொது விதியின் பெயராக அது நிற்றல் கூடாது.

5. ‘இடையே’ என்னும் சொல்லின் எல்லை

“இரு பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பு விசையையும் முடுக்கத்தையும் காண்க” என்னும் வகையில் வினாக்கள் அமைவதுண்டு. வினா செவிக்கு இனிதாக ஒலிக்கிறது, பொருளில் இடறுகிறது. ‘இடையிலான’ என்னும் அடை விசையோடு முடிந்துவிட வேண்டும். விசை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒன்றாகவே எண்ணத்தக்க அளவுடையது. முடுக்கமோ ஒவ்வொரு பொருளுக்கும் உரியது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை வேண்டுவது. நிலவினது முடுக்கம், புவியினது முடுக்கம் எனத் தனித்தனியே கூறினாலன்றி வினா நிறைவுறாது. இடையிலான முடுக்கம் எனக் கூற விரும்பினால், ஒன்றை நோக்கி மற்றொன்றின் சார்பு முடுக்கம் எனத் தெளிவாகக் கூற வேண்டும். அது இரு முடுக்கங்களின் கூட்டல். இரு நிறைகளின் கூட்டலைச் சார்ந்தது. முற்றிலும் வேறான விடை.

உருபில் நேரும் இந்நழுவல் மாணவரிடம் ஒரு தவறான முடிபை உறுதிப்படுத்துகிறது. முடுக்கங்கள் வேறுபடுவதைக் காணும் அவர், பெரிய பொருள் மிகுதியாக ஈர்ப்பதால் சிறியது விரைந்து வருகிறது எனக் கொள்கிறார். விசை சமம், பங்கு வேறு என்பதை உணர்த்தும் பொறுப்பு ‘இடையே’ என்பதற்கும் ‘அது’ உருபுக்கும் உண்டு.

குறியீடுகளாலும் இத்தகைய சிக்கல் எழுகிறது. ஈர்ப்பு மாறிலிக்கு இலத்தீன் பேரெழுத்தும், நிலமட்ட ஈர்ப்பு முடுக்கத்துக்கு அதே எழுத்தின் சிற்றெழுத்தும் வழங்குகின்றன. தமிழ் எழுத்துமுறையில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லை. வகுப்பறையில் இரண்டும் ‘பெரிய ஜி’, ‘சிறிய ஜி’ என ஆகிவிடுகின்றன. கேட்பவர்க்கு இவை ஒரே அளவின் பெரிய வடிவும் சிறிய வடிவும் எனத் தோன்றுவதில் வியப்பில்லை. உண்மையில் ஒன்று எவ்விடத்தும் மாறாத மாறிலி. மற்றது இடத்துக்கு இடம் மாறும் முடுக்கம். எண்ணளவில் ‘பெரிய ஜி’ மிகச் சிறியது என்பது முரணை இன்னும் மிகுவிக்கிறது. எழுத்தில் குறியீடு நிற்கட்டும். பேச்சிலும் உரைநடையிலும் ‘ஈர்ப்பு மாறிலி’, ‘ஈர்ப்பு முடுக்கம்’ என முழுப்பெயரைக் கூறுதலே தக்கது.

6. புவியை ‘எடைபோட்ட’ கதை

பொதுவாசகர்க்கான எழுத்தில் ஹென்றி கேவண்டிஷ் ‘புவியை எடைபோட்டவர்’ எனப் பாராட்டப்படுகிறார். 1797–98இல் இலண்டன் அருகே கிளாப்பமில் அவர் நிகழ்த்திய சோதனைக்குரிய முறுக்குத் தராசை முதலில் வடிவமைத்தவர் ஜான் மிச்செல். ஏறத்தாழ 158 கிலோகிராம் கொண்ட ஈயக் கோளங்கள், 0.73 கிலோகிராம் கொண்ட சிறு கோளங்களை ஈர்க்கும் விசை, தொங்கும் மரச்சட்டத்தின் சிறு திருப்பத்தால் அறியப்பட்டது. காற்றசைவைத் தவிர்க்க அவர் அறைக்கு வெளியிலிருந்து தொலைநோக்கியால் அளவைக் கண்டார். மையங்களுக்கிடையே ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் எனக் கொண்டால் ஒவ்வோர் இணைக்கும் விசை 1.5 × 10⁻⁷ நியூட்டன் அளவே. சிறு கோளத்தின் எடையான 7.2 நியூட்டனோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு.

அவர் தேடியது ஈர்ப்பு மாறிலியை அன்று. புவியின் சராசரி அடர்த்தியை. நீரைப்போல் 5.48 மடங்கு என அவர் அறிவித்தார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 5.51. மாறிலியைத் தனிக் குறியீடாக எழுதும் வழக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே நிலைபெற்றது. எனவே ‘எடைபோட்டார்’ என்னும் தொடர் இரு வகையில் பிறழ்கிறது. எடை என்பது வேறொன்று ஈர்க்கும் விசை. புவியை எந்தத் தராசில் வைத்து எது ஈர்ப்பது? இரண்டாவதாக, அவர் அளந்தது அடர்த்தியை. ‘புவியின் திணிவைக் கண்டவர்’ என இலங்கை வழக்கில் எழுதினால், கலைச்சொற்பொருளில் ஒரு வகையிலும், அச்சொல்லின் பழம்பொருளான செறிவில் மற்றொரு வகையிலும் உண்மையாக அமைவது சுவையான ஒரு பொருத்தம்.

7. தீர்வை நோக்கி

சமன்பாடு குறியீடுகளால் ஆனது. சொற்கள் எவ்வாறிருந்தாலும் விடை மாறாது எனச் சிலர் கூறக்கூடும். கணக்கு குறியீட்டை அடைவதற்கு முன் சொற்களில் வாழ்கிறது. எந்த எண்ணை எந்தக் குறியீட்டின் இடத்தில் வைப்பது என்பதைச் சொல்லே தீர்மானிக்கிறது. 96 மடங்குப் பிழை குறியீட்டின் பிழை அன்று.

ஒரு மரபை விலக்கி மற்றதை ஏற்குமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. பல தலைமுறை மாணவர்கள் பயின்ற சொற்களை ஆணையால் மாற்றவும் இயலாது. எனினும் இருகரை வாசகரையும் நோக்கி எழுதப்படும் நூல்கள், கலைக்களஞ்சியங்கள், இணையப் பாடங்கள் ஆகியவற்றுக்கு ஒரு வழி உண்டு. அங்கே ‘நிறை’யை அறவே தவிர்த்து, முதலளவுக்குத் திணிவு, இரண்டாம் அளவுக்கு எடை என்னும் இணையைக் கொள்ளலாம். திணிவு தமிழ்நாட்டில் வேறொரு கலைச்சொல்லாக ஊன்றப்படவில்லை. அங்கே செறிவுக்கு அடர்த்தி உண்டு. எடை இலங்கையில் அன்றாட வழக்கில் உள்ளதே. அங்கு அது மயக்கம் தராது. இதற்கு விலை உண்டு. நிறைகோலின் வழியே நாம் கண்ட அழகிய பொருத்தத்தை இழக்க நேரிடும். திணிவின் செறிவுச் சாயலையும் ஏற்க வேண்டியிருக்கும். இவ்விரு இழப்புகளும், ஒரு சொல் இரு அளவுகளைக் குறிப்பதால் நேரும் இழப்பைவிடச் சிறியவை என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. தத்தம் பாடத்திட்டத்துக்குள் எழுதுவோர், முதல் வழக்கின்போது மறுகரைச் சொல்லையும் அடைப்புக்குள் தந்து, அலகை ஒருபோதும் விடாதிருத்தல் போதும்.

முடிவுரை

ஈர்ப்பு விதியைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் வினா நெடுங்காலத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தவறின்றிச் சொல்கிறோமா என்பதே இன்றைய வினா. விசை இடைப்பட்டது, முடுக்கம் ஒவ்வொன்றுக்கும் உரியது, ஒரு பொருளின் முடுக்கம் எதிர்ப்பொருளின் திணிவைச் சார்ந்தது ஆகிய மூன்று கருத்துகளையும் வேற்றுமை உருபுகளின் துணையோடு தெளிவாகச் சொல்லும் திறன் தமிழுக்கு உண்டு. தடுமாறு தொழிற்பெயரை இனங்கண்டு பெயரிட்ட மரபு, இருதலை ஈர்ப்பைச் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை. கலைச்சொற் குழுக்களில் இயற்பியலாரோடு இலக்கணம் அறிந்தோரும், தமிழ்நாட்டாரோடு ஈழத்தாரும் மீண்டும் ஒரே அவையில் அமர்வதற்கான தேவையை இச்சிறு கணக்கே எடுத்துக்காட்டுகிறது. அதுவரை, மறுகரை நூலொன்றைத் திறக்கும் மாணவர் ‘நிறை’ என்னும் சொல்லைக் கண்டதும் அருகிலுள்ள அலகைப் பார்த்த பின்னரே கணக்கைத் தொடங்க வேண்டும்.